கைமாத்து

— பல்லு முளைக்காத புள்ளை ஆயாம்மா. இதுகிட்ட உக்காந்து நான் என்னத்தைச் சொல்லணும்கிறீங்க?

— நடக்கப்போறதைச் சொல்லணும் தரகரே. வேற ஒண்ணும் இல்ல.

— நடக்கப்போறதைத்தான் உங்ககிட்ட சொல்லிட்டேனே! சுருக்கமாச் சொல்றேன், இன்னொரு தரம் கேளுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எங்கக்கா வரும். நல்ல உயரம். பேசிக்கிட்டேதான் உள்ள நுழையும், வேற அடையாளமே வேணாம். வர்ற வழியில எங்க வீட்டுக்குப் போய் இதோட துணிமணியை எடுத்துக்கிட்டு வரும். புள்ளையை அது கையில குடுத்துடுங்க. முடிஞ்சுது. இது இப்ப அந்தக் கிலுகிலுப்பையையே பாத்துக்கிட்டு இருக்கு. இந்த நேரம் பாத்து நான் நழுவினாத்தான் உண்டு.

— நழுவுறது இந்தப் புள்ளைங்க காப்பகத்துல நடக்காது.

— ஏன், கதவைப் பூட்டிட்டீங்களா?

— கதவு தொறந்துதான் கிடக்கு. நீங்க நழுவிப் போவீங்க. அப்புறம் இவங்க திரும்பிப் பாப்பாங்க. அப்பா இருந்த இடத்துல அப்பா இருக்க மாட்டாரு. இதை ஆட்டும்போதுதானே அப்பா காணாமப்போனாருன்னு, நாளைக்குக் கிலுகிலுப்பையைக் கண்டாலே அழுவாங்க. உங்க மேல இருக்கிற நம்பிக்கையும் போச்சு, என் பொம்மையும் போச்சு.

— பாப்பாங்க, அழுவாங்க... மாமியாரைப் பத்திப் பேசுற மாதிரி பேசுறீங்களே.

— மாமியாருக்கு வாயோட போற மரியாதை. இது அப்படி இல்ல. ...ஜட்ஜம்மா, டயப்பர் நனைஞ்சிருக்கு. மாத்தணும். உங்களைத் தூக்கட்டுமா?

— யாரு ஜட்ஜம்மா?

— உங்க பொண்ணுதான். வந்த அன்னிக்கு என்னைப் பாத்தாங்களே ஒரு பார்வை, 'சரி, சாட்சி எங்கே'ன்னு! அதான் அந்தப் பேரு. அந்த மூலைத் தொட்டில்ல தூங்குறவரு மேஸ்திரி. முழிச்சிருந்தாருன்னா யாரு வேலை செய்யுறா, யாரு சும்மா உக்காந்திருக்கான்னு கண்ணாலயே கணக்கெடுப்பாரு. அவரை எழுப்பிடாதீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— தூக்கட்டுமான்னு கேட்டீங்களே, உத்தரவு வந்துச்சா?

— பொறுங்க.

— பொறுக்கத்தான் நேரம் இல்ல. சந்தையில லாரி நிக்குது. நான் போய் வாயைத் தொறந்தாத்தான் சரக்கு இறங்கும்.

— பொறுங்கன்னேன்ல? ...பாத்தீங்களா, தோளை லேசா ஏத்துறாங்க. வயித்தை எக்குறாங்க. வர்றேன்னு அர்த்தம். வாங்க ஜட்ஜம்மா. கழுத்துக்குக் கீழ ஒரு கை வருது. இடுப்புக்குக் கீழ ஒரு கை. மெதுவா, மெதுவா.

— எங்க சந்தையில ஒவ்வொரு மூட்டையையும் இப்படித் தூக்கட்டுமான்னு கேட்டுத் தூக்கினா, இன்னிக்கு வந்த வெங்காயம் முளைச்சு, பூத்து, விதையும் விட்டுடும்.

— மூட்டைக்கு யாரு எப்படித் தூக்கினாங்கன்னு ஞாபகம் இருக்காது தரகரே.

— இதுக்கு மட்டும் இருக்குமாக்கும்?

— மனசுல இருக்காது. உடம்புல இருக்கும். ...இப்ப டயப்பரைப் பிரிக்கப்போறேன் ஜட்ஜம்மா. ஈரத்துணி, சில்லுன்னு இருக்கும். சொல்லிட்டேன். ம், அப்படித்தான். காலைத் தூக்கிக் குடுக்கிறாங்க பாருங்க. யாரும் பிடிக்காமயே.

— சரி, ஒத்துக்கிறேன். நீங்க பெரிய ஆளு. புள்ளையும் பெரிய ஆளு. நான்தான் சின்ன ஆளு. இப்ப போகட்டுமா?

— சொல்லிட்டுப் போங்க.

— நீங்களே சொல்லிடுங்களேன் ஆயாம்மா! என் தொழிலே அதுதான். வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் நடுவுல நின்னு, அவங்க வாயால சொல்ல முடியாததை நான் சொல்றது. இன்னிக்கு ஒரு நாள் நீங்க எனக்குத் தரகரா இருங்க. புண்ணியமாப் போகும்.

— கைமாத்துக்குத் தரகர் கிடையாது.

— எதுக்கு?

— கைமாத்துக்கு. ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குக் குழந்தை மாறுதுல்ல, அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு. குடுக்கிறவங்க தன் வாயால குழந்தைகிட்ட சொல்லணும். வாங்குறவங்க கையை நீட்டிக்கிட்டுக் காத்திருக்கணும். குழந்தை பாக்கும், யோசிக்கும், அப்புறம் அதுவாச் சாயும். அப்பதான் கை மாறும். திணிக்கிறதும் இல்ல, பிடுங்குறதும் இல்ல.

— எங்க சந்தையில கைமாத்துன்னா வேற. எழுத்து கிடையாது, ஈடு கிடையாது, வட்டி கிடையாது. அவசரத்துக்கு ஒருத்தன்கிட்ட வாங்கிக்கிறது. ஆனா திருப்பிக் குடுக்கலேன்னா, அதுக்கப்புறம் அந்தத் தெருவுல தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்.

— இங்கேயும் அதேதானே? காலையில வாங்குறோம், சாயங்காலம் திருப்பிக் குடுக்கிறோம்.

— ...

— ஏன் தரகரே, பேச்சு நின்னுபோச்சு? நீங்க பேசாம நின்னு நான் பாத்ததே இல்லையே.

— ஒண்ணும் இல்ல. வந்து... பேச்சுக்குக் கேக்குறேன். இந்த ரூம்ல இடம் கேட்டு ஆளுங்க காத்திருக்காங்கன்னு ஒருநாள் சொன்னீங்களே?

— ஆமா.

— இதோட தொட்டிலை நாளையிலேர்ந்து வேற யாருக்காவது குடுத்துடுங்க.

— ஏன்? அத்தை வீட்டுல எத்தனை நாள் இருக்கப்போறாங்க?

— இருக்கும்.

— எத்தனை நாளுன்னு கேட்டேன்.

— எங்கக்காவுக்குப் புள்ளை இல்ல ஆயாம்மா.

— அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே.

— அதுதான் பதில்.

— டயப்பர் ஒட்டலை. பொறுங்க. ...ஜட்ஜம்மா, தப்பா மாட்டிட்டேன், மறுபடி பிரிக்கிறேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க.

— அப்படிப் பாக்காதீங்க ஆயாம்மா. நான் புள்ளையை விக்கலை. கூடப்பொறந்தவ கையில குடுக்கிறேன். நல்ல வீடு. பின்னாடி தோட்டம். மாமா ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாரு. பேசவும் முடியாது, அக்கா இடம் குடுக்காது. ராஜாத்தி மாதிரி வளரும்.

— நான் உங்களைப் பாக்கலை தரகரே. டயப்பரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்கிறவங்க வேற ஆளு.

— ...அதுவும் அப்படிப் பாக்கக் கூடாது. சொல்லுங்க அதுகிட்ட.

— அந்த ஊரு ரொம்பத் தூரமா?

— தூரம்தான். நெனச்சா நெனச்ச நேரம் போயிட்டு வர முடியாது. அதுவும் நல்லதுன்னுதான் அக்கா சொல்லுது. பாதி இங்க பாதி அங்கன்னு புள்ளை கிழிஞ்சுபோயிடக் கூடாதுல்ல? குடுத்தா முழுசாக் குடு, அப்புறம் வாசல்ல வந்து நிக்காதேன்னு சொல்லிடுச்சு. அது சொல்றதுல ஞாயம் இருக்கு. அரைமனசு வியாபாரம் ரெண்டு பக்கமும் நஷ்டம்.

— ஏன் இப்படி ஒரு முடிவு? எனக்குச் சொல்ல வேணாம், பிடிக்கலேன்னா விட்டுடுங்க.

— சொல்றதுக்கு என்ன? ஊரே சொல்லிக்கிட்டு இருக்கு. இது பொறந்ததிலேர்ந்து வீட்டுக்காரி சரியில்ல. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு நாளாவது அவ வந்து இதை இங்க விட்டிருக்காளா? சுவத்தைப் பாத்துப் படுத்தவ படுத்தவதான். இது அழுதா காதைப் பொத்திக்கிறா. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. நாளாகும், சரியாகும், பொறுமையா இருன்னு சொல்றாரு. அவருக்கென்ன, பொறுமையைச் சீட்டுல எழுதிக் குடுத்துடலாம். எந்தக் கடையில போய் வாங்குறது?

— கூட மாட ஒத்தாசைக்கு யாரும் இல்லையா?

— அவளுக்கும் அம்மா இல்ல, எனக்கும் அம்மா இல்ல. நான்தான் பால் கலக்குறேன், நான்தான் குளிப்பாட்டுறேன். அவளுக்குச் சோறு போட்டு வச்சுட்டு வர்றேன். திரும்பிப் போனா சோறு அப்படியே இருக்கும், சில நாள் பூனை மட்டும் கொழுத்திருக்கும். இதெல்லாம் கூடச் செஞ்சுடுவேன் ஆயாம்மா. உடம்பு நோகுதுன்னு நான் குடுக்கலை.

— அப்புறம்?

— நீங்க தொறக்கிறதுக்கு முன்னாடியே சந்தை தொறந்துடும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு இதை மாருல கட்டிக்கிட்டுப் போவேன். போன வாரம் ஒரு பேரம். பெரிய பேரம். கை வேணும் எனக்கு. எங்க தொழில்ல துண்டைப் போட்டு மூடி, அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசணும். இதை இறக்கி, சாக்கை விரிச்சு, ஓரமாப் படுக்க வச்சேன். ரெண்டு எட்டு தள்ளித்தான் நிக்கிறேன். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். மூட்டை அடுக்கு சரிஞ்சுடுச்சு.

— ஐயோ.

— மேல் மூட்டை இது தலைக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு. பக்கத்துலன்னா, இந்தத் தலையணைக்கும் அந்தப் பால் பாட்டிலுக்கும் இருக்கிற தூரம். மூட்டை வெடிச்சு வெங்காயமெல்லாம் இது மேல உருண்டுச்சு. இது ஒரு வெங்காயத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்குது. நான்தான் நடு சந்தையில உக்காந்து அழுதேன். வெங்காயத்துக்கு அழுவுறான்னு பயலுங்க கேலி பண்ணினானுங்க.

— அடி ஒண்ணும் படலையே?

— படலை. அதுதான் பயமா இருக்கு. படலைங்கிறது ஒரு தரம்தான் நடக்கும். அன்னிக்குத்தான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். இப்பச் சொல்லுங்க. இதை நான் இதுகிட்ட எப்படிச் சொல்றது? 'உன்னைக் காப்பாத்த எனக்குத் துப்பு இல்ல'ன்னா?

— ...ஜட்ஜம்மா, முடிஞ்சுது. இப்ப உங்களைப் பாயில விடப்போறேன். அப்பா பக்கத்துலதான் இருக்காரு. ...தரகரே, ஒண்ணு கேக்குறேன். இவங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

— எதை?

— குழந்தையைக் குடுக்கப்போறதை.

— அவளுக்கு என்ன புரியும் இப்ப? சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணுதான், அவகிட்ட சொல்றதும் ஒண்ணுதான். அவ தூங்கும்போதே சத்தம் போடாம துணியை எடுத்துட்டு வந்துடுன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். ஒருநாள் தெளிவா எழுந்து உக்காருவா. அன்னிக்குச் சொல்லிக்கலாம்.

— இவங்களுக்கும் புரியாதுன்னீங்க. அவங்களுக்கும் புரியாதுங்கிறீங்க. உங்க வீட்டுல புரியுற ஆளு யாருதான்?

— நான்தான்.

— உங்களுக்குப் புரிஞ்சுதா?

— ...இல்ல.

— உக்காருங்க.

— உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன் ஆயாம்மா. நின்னுக்கிட்டே சொல்லிடுறேன்.

— மேலேர்ந்து பேசினா அவங்களுக்கு உங்க மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரியும். கீழ உக்காருங்க. முகம் பாத்துப் பேசுங்க.

— உக்காந்துட்டேன். போதுமா? ஏய், குட்டி! இங்க பாரு. அத்தை வரப்போகுது! அத்தை வீடு எப்படி இருக்கும் தெரியுமா? காத்துன்னா காத்து அப்படி ஒரு காத்து! கிளி வரும், அணில் வரும். கன்னுக்குட்டி ஒண்ணு இருக்கு, உன்னை மாதிரியே மொட்டைத்தலை...

— தரகரே.

— என்ன?

— வீட்டை விக்காதீங்க.

— பழக்க தோஷம். வாயைத் தொறந்தா சரக்கைத்தான் புகழ வருது. வேற மாதிரிச் சொல்றேன். ...குட்டி, அப்பா சந்தைக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். சரியா? நீ சமத்தா...

— வருவீங்களா? வரமாட்டீங்கன்னா அதைச் சொல்லக் கூடாது.

— ஊர் முழுக்கப் பொய் சொல்லித்தானே நான் சாப்பிடுறேன்! சொத்தை மூட்டையைத் தங்கம்னு சொல்வேன். இல்லாத கிராக்கியை இருக்குன்னு சொல்வேன். ஒரு சின்னப் பொய், பொழுது சாயற வரைக்கும் புள்ளை அழாம இருக்கிறதுக்கு. அதுக்குக் கூடவா பஞ்சம் உங்ககிட்ட?

— சந்தையில நீங்க பொய் சொல்றீங்கன்னு வாங்க வர்றவனுக்கும் தெரியும். அவனும் ஒரு பொய்யைக் கொண்டுக்கிட்டுத்தான் வருவான். இவங்க வெறுங்கையோட வந்திருக்காங்க. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வந்துடுவேன்னு சொன்னீங்க, வந்தீங்க. அதனாலதான் இங்க தூங்குறாங்க, பால் குடிக்கிறாங்க. இன்னிக்கும் அதையே சொல்லிட்டுப் போனீங்கன்னா, அத்தை வீட்டு வாசலைப் பாத்துக்கிட்டே கிடப்பாங்க. தோட்டம் இருந்தா என்ன, கன்னுக்குட்டி இருந்தா என்ன?

— நீங்க என்னைக் கொல்றீங்க.

— கதவு தொறந்துதான் கிடக்கு தரகரே. எழுந்து போனீங்கன்னா நான் தடுக்க முடியாது. நீங்க அப்பா. நான் சம்பளத்துக்கு டயப்பர் மாத்துறவ.

— எழுந்து எப்படிப் போறது? விரலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே.

— எப்ப பிடிச்சாங்க?

— உக்காந்த உடனே. சுண்டு விரலைப் பிடிச்சிருக்கு. ஆள்காட்டியைப் பிடிச்சா ஒரு விலை, நடுவிரலைச் சேத்துப் பிடிச்சா ஒரு விலை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். சுண்டு விரலுக்கு எங்க கணக்குல விலையே கிடையாது. இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

— பேரம் இன்னும் முடியலைன்னு வச்சுக்குங்க. பேசுங்க.

— நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.

— மேஸ்திரிக்குப் போர்வை விலகியிருக்கு. நான் அவரைப் பாக்குறேன்.

— ...குட்டி. அப்பாதான். உங்கம்மாவுக்கு மனசு சரியில்ல. உன்னால இல்ல. நீ ஒண்ணும் பண்ணலை. நீ அழுறப்ப அவ காதைப் பொத்திக்கிறாளே, அது கோவம் இல்ல. என்னன்னு எனக்கும் தெரியலை. ஆனா கோவம் இல்ல. அப்பாவுக்குப் பால் கலக்கத் தெரியும். உன்னைத் தூங்க வைக்கத் தெரியும். வலது தோளுல போட்டாத்தான் தூங்குவேன்னு தெரியும். உன் மேல ஒரு கண்ணு, சந்தையில ஒரு கண்ணு வச்சுக்கத்தான் தெரியலை. அன்னிக்கு மூட்டை விழுந்துச்சே, அது இன்னும் என் காதுக்குள்ள விழுந்துக்கிட்டே இருக்கு. அதனால இன்னிக்கு அத்தை வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகும். இன்னிக்குச் சாயங்காலம் அப்பா வர மாட்டேன். நாளைக்கும் வர மாட்டேன். நீ வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காதே. வலது தோளுன்னு அத்தைகிட்ட சொல்லிடுறேன். ...ஆயாம்மா.

— ம்.

— இது என் வாயையே பாக்குது. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல.

— கேக்குறாங்க.

— சொல்லி முடிச்சுட்டேன். இப்ப ஏன் எனக்கு எழுந்திருக்க முடியலை?

— பொறுங்க. யாரோ வர்றாங்க. ...வாங்கம்மா. செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க. நீங்கதான் அத்தையா?

— ஆமாம்மா.

— பேசிக்கிட்டே நுழைவீங்கன்னாரு உங்க தம்பி.

— பேச்செல்லாம் படியிலயே கொட்டிப்போச்சும்மா. எங்க அவன்? ...ஏன்டா, தரையில உக்காந்திருக்க?

— வந்துட்டியாக்கா? வா, வா. சீக்கிரம் எடுத்துக்க. நான் சொல்லிட்டேன் இதுகிட்ட. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இங்க ஒரு முறை இருக்கு, நீ இது எதிர்ல உக்காந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, வர்றியான்னு கேக்கணும். கேளு.

— இருடா.

— இருக்கிறதுக்கு என்னக்கா? சரக்கு ரெடி, பேச்சு முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா எனக்கு மனசு மாறிடும். கையை நீட்டு. கையை ஏன் முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிற? ஆயாம்மா, நீங்களாவது சொல்லுங்க.

— நான் அவங்களை அவசரப்படுத்த மாட்டேன் தரகரே. வாங்குறவங்களுக்கும் மனசு சாயணும்.

— அக்கா, இதோட துணியெல்லாம் எங்க? வெறுங்கையோட வந்திருக்க?

— ஏன்டா, உன் பொண்டாட்டிகிட்ட நீ சொல்லவே இல்லையாடா?

— சத்தம் போடாம எடுத்துட்டு வான்னு சொன்னேனேக்கா உன்கிட்ட!

— நோயாளி தூங்குறா, எழுப்பாதேன்னு நீ சொல்றதா நெனச்சேன். திருடன் மாதிரி எடுன்னு நீ சொன்னது எனக்கு எப்படிடா தெரியும்? பெத்தவளுக்குத் தெரியாம புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போறவளா நான்? எனக்குப் புள்ளை இல்லதான். அதுக்காக மானமும் இல்லேன்னு முடிவு கட்டிட்டியா?

— அம்மா, மெதுவா. மேஸ்திரி தூங்குறாரு.

— எந்த மேஸ்திரி? ...அட, இவரா. சரிம்மா. சரி. ...உள்ள போனேன்டா. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா. நான் பாட்டுக்குக் குட்டிக் குட்டிச் சட்டையா மடிச்சுப் பையில வைக்கிறேன். என்னால பேசாம இருக்க முடியுமா? 'கண்ணு, புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன். கீழ விட மாட்டேன், கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன். நீ நிம்மதியா உடம்பைத் தேத்திக்க'ன்னு அவ முதுகைப் பாத்துச் சொன்னேன்.

— ஐயோ அக்கா.

— திரும்பினாடா.

— திரும்பினாளா?

— திரும்பிப் பாத்தா. 'எந்தப் புள்ளையை'ன்னு கேட்டா. 'உன் புள்ளையைத்தான்டி'ன்னேன். எழுந்து உக்காந்தா. பையிலேர்ந்து ஒரு சட்டையை எடுத்து மோந்து பாத்தா. அப்புறம் பையையே என் கையிலேர்ந்து வாங்கிட்டா. பிடுங்கலை, மெதுவா வாங்கினா. எழுந்து நின்னா தலை சுத்துது, அலமாரியைப் பிடிச்சுக்கிட்டா. நீ இரு கண்ணு, நீ படுன்னு சொல்றேன், காதுலயே வாங்கலை. செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி வந்து வண்டியில ஏறி உக்காந்துட்டா.

— வந்திருக்காளா? இங்கேயா?

— வாசல்ல வண்டியில உக்காந்திருக்கா. பை அவ மடியில இருக்கு. நான் ஒருத்தி வீட்டுல தொட்டில் வாங்கிக் கட்டி வச்சுட்டு வந்தேன்டா பாவி. கொசுவலை கூட வாங்கி வச்சிருக்கேன். இந்தக் கையை நான் இப்ப எப்படி நீட்டுவேன்?

— அக்கா, அவ மாத்திரை போட்டிருக்கா. தனியா விட்டுட்டா வந்த? சண்டை போட வந்திருக்காளா? என்னைத் திட்டணுமாமா? திட்டட்டும், அடிக்கட்டும். வரச் சொல்லு. இந்த விரலை விடுவிச்சுக்கிட்டு நானே போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன்...

— உக்காருடா. எறங்க மாட்டேங்கிறா. கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு காலை மட்டும் தரையில வச்சு உக்காந்திருக்கா. நான் உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வாங்க அண்ணின்னா. வேணாம்னு சொன்னா இப்படியே திரும்பிடுறேன்னா.

— வேணாம்னு நான் சொல்வேனாக்கா! என்னை எதுக்குக் கேக்கணும் அவ?

— உன்னை யாருடா கேட்டா? உன் மககிட்ட கேக்கச் சொன்னா.